இருபத்திரண்டில் நின்ற முள்

எனக்குக் கோபம் வந்தால் முன்னால் நிற்பது ஆளா பொருளா என்று பார்க்க மாட்டேன். எங்கள் விவசாயச் சங்கக் கட்டடத்தின் சுவரில் அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பூட்டிய முதல் நாளே அதோடு சண்டை பிடித்தவள் நான். நாலு மைலுக்கு அப்பால், காட்டுக்குள், முதிரைக்கண்டல் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறதென்று அந்தப் பெட்டிக்குள் இருக்கும் முள் காட்டுமாம். கிளிநொச்சியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற கடிதமே எங்களுக்கு ஒழுங்காய் வந்து சேர்வதில்லை, இது வந்து சேர்ந்துவிடுமா என்று நினைத்தேன்.

அதைப் பூட்டிய ராஜரத்தினம் எங்கள் ஊரிலேயே இருக்கிற குளத்து அலுவலகத்தில் வேலை செய்கிற பொடியன். நல்லவன், ஆனால் கேட்டதற்கு மேலே நாலு மடங்கு விளக்கம் சொல்வான். நான் அந்தக் கட்டடத்தில்தான் பசளை விற்கிறேன். யூரியா மூட்டைகளுக்கு நடுவில் இருந்துகொண்டு அவனை மடக்கினேன்.

"தம்பி, தண்ணி அங்கை. முள் இஞ்சை. நடுவிலை என்ன வருகுது? பேயா பிசாசா?"

"ரெண்டு கம்பி வருகுது அக்கா. பழைய ரெலிபோன் கம்பிதான். அலுவலகத்திலை ரெண்டு லொறிப் பற்றறி வைச்சிருக்கிறன். பலம் அதிலையிருந்து போகுது. குளத்துக்குள்ளை இறக்கியிருக்கிற கருவி ஒரு துருசுக்காரன் மாதிரி. தண்ணி கூடக் கூட அவன் கதவைக் கொஞ்சம் கூடத் திறப்பான், மின்சாரம் கொஞ்சம் கூட ஓடும். அந்த ஓட்டத்தைத்தான் முள் காட்டுது."

துருசு என்றால் எனக்கு விளங்கும். குளத்துக் கதவைத் திறந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுவதைப் பார்த்துப் பார்த்தே நரைத்த தலை இது. ஆனால் இன்னொன்று உறுத்தியது. முள்ளின் பூச்சியம் விளிம்பில் இல்லாமல் இரண்டு விரல் உள்ளே தள்ளி இருந்தது.

"அது ஏன் பூச்சியத்தைக் கொண்டுபோய் நடுவழியிலை வைச்சிருக்கிறாய்?"

"குளம் வத்திக் காய்ஞ்சாலும் நாலு மில்லி அம்பியர் ஓடும் அக்கா. தண்ணி முப்பத்திரண்டு அடிக்கு ஏறினா இருபது. நாலுக்குக் கீழை எண்டால் தண்ணி இல்லை எண்டு அர்த்தமில்லை, கம்பி அறுந்துபோச்சு எண்டு அர்த்தம். ஒண்டுமில்லை எண்டு சொல்லுறதுக்கும் அங்கை ஒருத்தன் உயிரோட இருக்க வேணுமெல்லோ?"

உண்மையைச் சொல்கிறேன், அதைக் கேட்டதும் அந்தப் பெட்டியோடு எனக்கிருந்த சண்டை போய்விட்டது. இல்லை என்ற சொல்லுக்கும் சொல்ல ஆளே இல்லை என்பதற்கும் நடுவில் இடம் விட்டு வைத்த அந்த மூளைக்காரன் எந்த ஊரில் பிறந்தவனோ, அவனைப் பெற்றவள் நல்லாயிருக்க வேண்டும் என்று மனதுக்குள் வாழ்த்தினேன். வெளியே சொல்லவில்லை. சொன்னால் ராஜரத்தினம் இன்னும் ஒரு மணித்தியாலம் விளக்கியிருப்பான்.

முதலில் ஒரு பெட்டிதான் இருந்தது, அதுவும் அலுவலகத்தில். எங்கள் சங்கத் தலைவர் ஐயாத்துரை அண்ணை விடவில்லை. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதைக் குளத்துத் தண்ணீர்தான் தீர்மானிக்கும். எங்கள் பக்கத்தில் எல்லை போடுவதென்றாலும் சூடு அடித்த நெல்லைப் பங்கு பிரிப்பதென்றாலும் இரு பகுதிக்கும் ஒவ்வொரு சாட்சி நிற்க வேண்டும். "அவையின்ரை முள்ளு அவைக்கு. எங்களுக்கும் ஒரு சாட்சி வேணும்" என்று கூட்டத்தில் மேசையில் அடித்தார். வாங்கியும் விட்டார். வருகிற இரண்டு கம்பியில் ஒன்றை எங்கள் கட்டடத்தடியில் அறுத்து, அறுத்த இரண்டு முனைக்கும் நடுவில் இந்த இரண்டாவது பெட்டியைப் பூட்டினார்கள். ஒரே ஓட்டம் இரண்டு பெட்டிக்குள்ளாலும் போகிறது, ஆனபடியால் இரண்டும் ஒன்றையே காட்டும் என்றான் ராஜரத்தினம். கோடையில் அலுவலகத்தில் பதினாலு அடி, இங்கேயும் பதினாலு அடி. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது.

எனக்கு அந்த முள்ளில் பித்துப் பிடித்தது காற்றால்தான். குளத்தில் கச்சான் காற்று அடித்து அலை எழும்பினால் முள் மெல்ல நடுங்கும். நான் இங்கே பசளை நிறுத்துக்கொண்டிருப்பேன். நாலு மைலுக்கு அங்கால், ஒரு மனிதரும் பார்க்காத தண்ணீர் சுருங்கி விரிவது என் கண்ணுக்கு முன்னால் தெரியும். கோயிலில்கூட எனக்கு அப்படி மயிர் கூச்செறிந்ததில்லை.

என்னைவிட அந்த முள்ளை நம்பியவள் ஒருத்தி இருந்தாள். பேச்சியம்மா. எழுபத்தேழு கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து உடுத்த சீலையோடு ஓடி வந்தவள். நல்ல காணியெல்லாம் எங்களைப் போல யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்குப் போய்விட்டது. அவளுக்கும் அவளோடு வந்த பத்துப் பன்னிரண்டு குடும்பங்களுக்கும் கிடைத்தது வான் பாய்கிற பள்ளம். குளம் இருபத்தெட்டு அடி தாண்டினால் மேலதிகத் தண்ணீர் வழிந்து ஓடுகிற வழி அது. நல்ல வண்டல் மண். மிளகாயும் பயிற்றங்காயும் பொலிந்து நிற்கும். முந்திய இரண்டு மாரியிலும் "வான் பாயுது, ஓடுங்கோ" என்று ஆரோ வந்து கத்த, அவர்கள் பிள்ளை குட்டியோடு ஓடினார்கள். வான் பாயவில்லை. திரும்பி வந்தபோது வேலி பிடுங்கப்பட்டிருந்தது, மிளகாய் ஆய்ந்து கொண்டுபோகப்பட்டிருந்தது. அந்தப் பள்ளத்தில் கண் வைத்திருந்தவர்களில் ஐயாத்துரை அண்ணையும் ஒருவர். ஊரறிந்த கதை அது, எனக்கு மறைக்கத் தெரியாது.

எண்பத்தொன்று கார்த்திகை மாரி வானம் கிழிந்ததுபோலக் கொட்டியது. குளக்கட்டுக்குப் போகிற பாதை நடுவில் உடைந்து, கட்டுக் காவலாளி ஏரம்பு அந்தப் பக்கத்தில் அகப்பட்டுக்கொண்டான். அவனோடு கதைக்க முன்பு ஒரு ரெலிபோன் இருந்தது. அந்தக் கம்பியைத்தான் இந்தக் கருவிக்கு எடுத்துவிட்டார்களே. ஆக, குளத்தின் செய்தி என்று எங்களுக்கு வந்தது முள் ஒன்றுதான். அது பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று என்று ஏறி இருபத்திரண்டில் நின்றது. நின்றதைப் பார்த்து ஊர் மூச்சு விட்டது.

அன்று மத்தியானம் பேச்சியம்மா உரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அவளுடைய மகள் சிவலட்சுமிக்குப் பிள்ளை பிறந்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. மருமகன் முரசுமோட்டைக்கு களை பிடுங்கக் கூலி பேசப் போய் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டான்.

"முள்ளு எங்கம்மா நிக்குது?"

"இருபத்திரண்டிலைதான்."

இருபத்தெட்டில் நான் நகப்பூச்சால் போட்டு வைத்த சிவப்புக் கோட்டையும் முள்ளையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னும் தூரம் இருக்குங்க. பச்ச ஒடம்புக்காரி, சிசு வேற. இந்த மழைல எங்க தூக்கிட்டுப் போறது?"

நானும் பார்த்தேன். பார்த்தபடியே நின்றேன். வெளியே பாலை மரம் காற்றில் சுழன்று சுழன்று அடித்தது. கட்டடத்துத் தகரம் பிய்ந்து போகிறது போல் அலறியது. முள் ஆணி அடித்ததுபோல் நின்றது. ஒரு நடுக்கம் கிடையாது. இந்தக் காற்றுக்குக் குளம் கொந்தளித்துக்கொண்டல்லவா இருக்க வேண்டும்?

"கோதாரி, இது என்ன நிலை?" என்றேன். பேச்சியம்மா திரும்பிப் பார்த்தாள்.

தெருவால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போன ராஜரத்தினத்தைக் கூப்பிட்டு உள்ளே இழுத்தேன். அவன் தலையைத் துடைத்துக்கொண்டு முள்ளைப் பார்த்துவிட்டு, "சரியாத்தானே இருக்கு அக்கா. அலுவலகத்திலையும் இருபத்திரண்டு. இஞ்சையும் இருபத்திரண்டு. ரெண்டும் ஒண்டையே சொல்லுது" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ரெண்டும் ஒரே கம்பியிலையெல்லோ இருக்கு! ஒருத்தன் சொன்னதை ரெண்டு பேர் திருப்பிச் சொன்னால் அது ரெண்டு சாட்சியே? விசர்க் கதை கதையாதை. காத்துக்கு ஏன் முள் ஆடேல்லை? அதைச் சொல்லு முதல்."

அவன் முள்ளுக்குக் கிட்டப் போய் உற்றுப் பார்த்தான். பிறகு நான் கடன் எழுதுகிற கரும்பலகையை அழித்துவிட்டு வெண்கட்டியை எடுத்தான்.

"பற்றறி ரெண்டும் சேர்ந்து இருபத்துநாலு வோல்ற். குளத்துக் கருவி உயிரோட இருக்கப் பன்ரண்டு வேணும். மிச்சம் பன்ரண்டு. அந்தப் பன்ரண்டுதான் முழு வழியாலையும் மின்சாரத்தைத் தள்ள வேணும். கம்பியின்ரை தடை முந்நூறு. அலுவலகப் பெட்டி இருநூற்றைம்பது. உங்கட பெட்டி இன்னொரு இருநூற்றைம்பது. எல்லாம் எண்ணூறு."

பன்னிரண்டை எண்ணூறால் பிரித்தான். பதினைந்து மில்லி அம்பியர் வந்தது. பதினைந்து என்றால் பெட்டியில் எத்தனை அடி என்று கணக்குப் பார்த்தான். இருபத்திரண்டு அடி வந்தது.

பலகையில் வெண்கட்டி எழுதிய இருபத்திரண்டும் சுவரில் முள் காட்டிய இருபத்திரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எங்கேயோ ஒரு குளத்தில் நடப்பதை ஒரு பிரித்தல் கணக்கு இப்படிப் பிடித்து வைத்திருக்கிறதே என்று ஒரு பக்கம் அதிசயம், மறு பக்கம் பயம்.

"அதுக்கு மேலை போகாது அக்கா" என்றான் அவன். "குளத்திலை எவ்வளவு கூடினாலும் போகாது. கோடையிலை குறைஞ்ச ஓட்டம், அதாலை பிழை தெரியேல்லை. ரெண்டாவது பெட்டி பூட்டேக்கை நான் இதைக் கூட்டிப் பார்த்திருக்க வேணும். பார்க்கேல்லை."

எனக்கு அது எங்கள் வயல் கதைபோலத்தான் விளங்கியது. குளத்தில் மட்டம் காணாவிட்டால் துருசை முழுக்கத் திறந்து விட்டாலும் கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏறாது. துருசுக்காரன் அங்கே கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறான். ஓட்டத்துக்குப் பலம் இல்லை.

"அப்ப குளத்திலை உண்மையா எவ்வளவு?"

"தெரியாது. இருபத்திரண்டாயும் இருக்கலாம். இருபத்தெட்டாயும் இருக்கலாம்."

அந்த நேரம் பார்த்து ஐயாத்துரை அண்ணை உழவு இயந்திரத்தோடு வந்து வாசலில் நிறுத்தினார். ஆள் ஏற்றுகிற இழுவைப் பெட்டியும் பின்னால் கொளுவியிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் கறுத்தது. "பேச்சி, ஏறு. போய் மகளையும் பிள்ளையையும் ஏத்துவம். மற்ற ஆக்களையும் கூப்பிடு."

பேச்சியம்மா சுவரோடு ஒட்டி நின்றாள். "வரமாட்டேங்க."

"விசரே உனக்கு?"

"தோட்டத்துல ஓடுன்னாங்க, ஓடுனோம். இங்க வந்து ரெண்டு தடவ ஓடுன்னாங்க, ஓடுனோம். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தா எதுவும் மிஞ்சலைங்க. இப்ப மழைல அந்தச் சிசுவ எடுத்துட்டு ஓடி, அது குளிர்ல வெறைச்சுப் போச்சுன்னா? முள்ளு சொன்னா போறேன். இனிமே மனுசன் சொல்லி நகரமாட்டேன்."

ஐயாத்துரை அண்ணை நிலத்தைப் பார்த்தார். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

"தம்பி, மட்டம் காணாட்டி மட்டத்தைக் கூட்டு" என்றேன் ராஜரத்தினத்திடம். "உந்த முள்ளை ஏற வை. இப்ப, இஞ்சை, இவள் பார்க்க."

"இன்னும் ஒரு பற்றறி வேணும் அக்கா. வழியிலை எங்கை சேர்த்தாலும் சரி. ஆனா அலுவலகத்திலை வேறை இல்லை."

நாங்கள் எல்லோரும் வாசலில் நின்ற உழவு இயந்திரத்தைப் பார்த்தோம்.

"பற்றறியைக் கழட்டினால் வண்டி நிண்டிடுமே?" என்று கேட்டேன்.

"டீசல் எஞ்சின். ஓடிக்கொண்டிருந்தால் பற்றறி இல்லாமலும் ஓடும்" என்றார் ஐயாத்துரை அண்ணை மெதுவாக. "ஆனா ஒருக்கா நிண்டுதெண்டால் பிறகு ஸ்ராட் வராது. பள்ளத்துச் சேத்துக்குள்ளை நிண்டால் நாங்கள் எல்லாரும் அதோட சரி." பிறகு போய் என்ஜினை உறுமவிட்டு, முறுக்குச் சாவியைத் தேடி எடுத்து, பற்றறியைக் கழற்றித் தானே மார்போடு அணைத்துத் தூக்கி வந்தார். அமிலம் பட்டு வேட்டி பொத்தலாகும் என்றுகூட அவர் பார்க்கவில்லை. யூரியா மூட்டையில் வைத்தார்.

ராஜரத்தினம் பெட்டிக்குப் பின்னால் ஆணியைக் கழற்றிக் கம்பியைப் பிரித்தான். அந்தக் கணம் முள் செத்து விழுந்தது. பூச்சியத்தையும் தாண்டி விளிம்பில் போய் ஒட்டியது.

"ஐயோ, கட்டு உடைஞ்சிட்டுது!" என்று ஐயாத்துரை அண்ணை தலையில் கை வைத்தார். பேச்சியம்மா குழறிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தாள்.

"நில்லுங்கோ எல்லாரும்!" என்று நான் போட்ட சத்தத்தில் எனக்கே காது அடைத்தது. "குளம் வத்தினால் முள் பூச்சியத்திலை நிக்கும். இது அதுக்கும் கீழை. கம்பிதான் பிரிஞ்சிருக்கு. குளத்துக்கு ஒண்டும் நடக்கேல்லை. பேச்சி, இஞ்சாலை வா. வந்து பார்."

அவள் வந்தாள். ராஜரத்தினம் ஒரு முனையைப் பற்றறியின் ஒரு குமிழில் சுற்றினான். மற்றதைச் சுற்றப் போதிய நீளம் இல்லை. விரலால் அழுத்திப் பிடித்தான்.

முள் எழும்பியது. பூச்சியத்தைத் தாண்டி, பத்தைத் தாண்டி, இருபத்திரண்டு என்ற அந்தப் பொய்யைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. இருபத்தேழுக்கு மேலே, சிவப்புக் கோட்டுக்கு அரை அடி கீழே போய் நின்று, நடுங்கியது. முழுக் குளத்தின் கொந்தளிப்பும் அந்த ஒரு முள்ளில் நடுங்கியது. கட்டு விளிம்பில் நின்று பார்ப்பதுபோல் இருந்தது எனக்கு, அத்தனை தண்ணீரும் கண்ணுக்கு முன்னால். ஆண்டவனே என்று கும்பிட்டேன். ஆரைக் கும்பிட்டேன் என்று தெரியாது.

பேச்சியம்மா சிவப்புக் கோட்டில் விரலை வைத்தாள். முள்ளை ஒருதரம் பார்த்தாள். சாக்கை எடுத்துத் தலையில் போட்டாள். "வாங்க" என்று ஐயாத்துரை அண்ணைக்குக் கட்டளை போட்டுவிட்டு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறினாள்.

மகளைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். ராஜரத்தினம் கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான்.

"மின்சாரம் கையைக் கடிக்குமோ?"

"இல்லை அக்கா. விடாமல் அழுத்திப் பிடியுங்கோ, அவ்வளவுதான்."

பிடித்தேன். அவர்கள் போனார்கள். என் விரலுக்கும் ஈயக் குமிழுக்கும் நடுவில், குளத்தின் ஆழம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஒரு சூடுகூட இல்லை. ஆனால் நான் விட்டால் அது இல்லை. முள் கொஞ்சம் கொஞ்சமாய் ஏறி, சிவப்புக் கோட்டில் தொட்டுத் தொட்டு ஆடி, பிறகு தாண்டியது. நாலு மைலுக்கு அங்கால் வான் பாயத் தொடங்கிவிட்டது. அந்தத் தண்ணீர் பள்ளத்துக்கு வந்து சேர ஒரு மணித்தியாலம் எடுக்கும். அதை முதல் அறிந்தவள் நான், சுவரைப் பார்த்தபடி, பசளை மூட்டைக்குப் பக்கத்தில். பயத்தில் எனக்கு அழுகை வந்தது.

உழவு இயந்திரம் உறுமிக்கொண்டு வந்தது. தறப்பாளுக்குள் சுற்றிச் சிவலட்சுமியையும் பிள்ளையையும் உள்ளே கொண்டுவந்து மூட்டைகளின் மேல் பாயைப் போட்டுக் கிடத்தினார்கள். பிள்ளை காய்ந்த துணிக்குள் நித்திரை. பின்னாலேயே பள்ளத்திலிருந்து ஏழெட்டுப் பேர் நனைந்தபடி வந்து வாசலில் நின்றார்கள். ஏறமாட்டோம், முள்ளைப் பார்த்த பிறகுதான் எதுவும் என்று ஐயாத்துரை அண்ணையிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"விடுங்கம்மா. நான் புடிக்கிறேன்" என்றாள் பேச்சியம்மா.

"பிள்ளையைப் போய்ப் பார்."

"அது தூங்குது. இவங்க நான் சொன்னாத்தான் கேப்பாங்க."

என் விரலை எடுக்க முதல் அவளுடைய விரல் கம்பியில் இறுகியது. மற்றக் கையால் வாசலில் நின்றவர்களைக் கூப்பிட்டாள். "கிட்ட வந்து பாருங்க. செவப்புக் கோடு எங்க இருக்கு, முள்ளு எங்க இருக்குன்னு நீங்களே பாருங்க." ஒவ்வொருவராய் வந்து, மூக்கு கண்ணாடியில் படப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, வீட்டில் இருந்தவர்களைக் கூட்டிவர ஓடிப்போய் உழவு இயந்திரத்தில் ஏறினார்கள். ஐயாத்துரை அண்ணை என்ஜினை நிற்கவிடாமல் போனார், வந்தார், மறுபடி போனார்.

கடைசியாய் வந்தபோது இழுவைப் பெட்டியின் சில்லு வரை சேறும் தண்ணீருமாய் இருந்தது. பேச்சியம்மா கம்பியைப் பிடித்தபடியே தலைகளை எண்ணினாள். கிழவி ஒருத்தியின் பெயரைச் சொல்லிக் கேட்டாள். அவளும் வந்திருந்தாள்.

அதற்குப் பிறகுதான் விரலை எடுத்தாள். முள் விழுந்தது. பள்ளத்துப் பக்கமிருந்து தண்ணீரின் இரைச்சல் கேட்டது, மரம் முறிகிற சத்தமும் கேட்டது. அவள் வீடு முதலில் போயிருக்கும், அதுதான் எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது. நிலத்தில் குந்தி, என் காலைப் பிடித்துக்கொண்டு, வாய் விட்டு அழுதாள். நானும் இருந்து அவளைக் கட்டிப்பிடித்தேன்.

"இந்தத் தடவ ஓடி வரலைங்கம்மா" என்றாள் அழுகைக்குள். "பாத்துட்டு வந்தோம்."